தடுப்பூசிச் சான்றும் கடல்வாசலும்

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் புதுச்சேரி அரசு ஓர் ஆணையை வெளியிட்டது. கொரோனா தடுப்பூசி ஒன்றியப் பகுதியெங்கும் கட்டாயம் என்பது அதன் சாரம். 1973ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு அடிப்படையாகக் காட்டப்பட்டது. இந்தியாவில் இவ்வாறு கட்டாயமாக்கிய முதல் அரசு நம்முடையதே என்று நாளேடுகள் எழுதின. ஐந்து திங்கள் கழித்து, 2022 மே 2 அன்று, ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது அன்று. ஆனால் விருப்பமில்லாத ஒருவரின் உடலில் ஊசியைச் செலுத்த இயலாது. தொற்று குறைவாக உள்ளவரை, ஊசி போடாதவர் பொது இடங்களுக்கு வருவதைத் தடுப்பதும் அளவுக்கு ஏற்றதன்று என்றது அத்தீர்ப்பு.

இவ்வைந்து திங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் எழுந்த வாதங்களை நாம் கேட்டிருக்கிறோம். அவற்றை வடிகட்டினால் எஞ்சுபவை இரண்டு வினாக்கள். ஒருவரை ஊசி போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தலாமா? போட்டுக்கொள்ளாதவரை எல்லையில் நிறுத்தலாமா? இரண்டும் புதிய வினாக்கள் போலத் தோன்றினும், இக்கடற்கரை இருநூறு ஆண்டுகளாக அவற்றைக் கேட்டு வந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நம் வாதங்களைத் தெளிவாக்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மைப்பால் வந்த வழி

எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப்பாலின் பயனை 1798இல் நூலாக வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில் அது இந்தியாவை எட்டியது. நேரே கடல்வழி அனுப்பிய பால் வெப்பத்தில் வீரியம் இழந்தது. வியன்னா, கான்ஸ்டாண்டினோபிள், பாக்தாத், பாஸ்ரா என நிலவழியாகக் கைமாறி வந்ததே பம்பாயில் பலித்தது. 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமி இந்நாட்டில் முதன்முதலாக அதை ஏற்றாள். அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து பிற குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து பிற ஊர்களுக்கும் பால் சென்றது. எல்லைகளை அடைத்திருந்தால் அம்மை மட்டுமன்று, அம்மைக்கான மருந்தும் வந்திராது.

கைக்குக் கை மாற்றும் இம்முறைக்கு நம் சமூகத்தில் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. எந்தக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீர் என்ற சாதி வினா ஒருபுறம். அம்மை என்பது நோயன்று, மாரியம்மனின் வருகை என்ற நம்பிக்கை மறுபுறம். இவ்வெதிர்ப்பைச் சொல்லால் வெல்ல முயன்றவர்களில் இருவர் குறிக்கத்தக்கவர்கள். ஒருவர் ஆபே துபுவா. 1792இல் புதுச்சேரிக்கு வந்து, பின்னர் மைசூர்ப் பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார். நம்மவரின் உடையும் உணவும் மேற்கொண்டு ஊர் ஊராகச் சென்று அம்மைப்பால் வைக்கச் செய்தார். மற்றவர் தமிழ் மாணவர்க்கு நன்கு அறிமுகமான எல்லிஸ். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே எடுத்துரைத்த அதே பிரான்சிஸ் வைட் எல்லிஸ், மாட்டம்மையைப் பசு வழியாகத் தெய்வம் தந்த கொடையாகக் காட்டும் ஒரு கதையையும் பழைய மரபின் சாயலில் எழுதினார்.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். எல்லிஸின் நோக்கம் உயர்ந்தது; வழி கேள்விக்குரியது. மக்களை நம்பவைக்கப் பழமையைப் புனையலாமா? புனைவு வெளிப்படும் நாளில் மருந்தின் மீதும் ஐயம் விழாதா? ஆயினும் ஒன்று தெளிவு. ஊசியை ஏற்பவரின் மனத்தையும் பொருட்படுத்த வேண்டும் என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர். பின்னாளில் வந்த ஆட்சியாளர் பலர் அதை மறந்தனர்.

நாற்பது நாள்

இனி எல்லைக்கு வருவோம். பிரெஞ்சில் ‘கராந்தேன்’ என்றும் ஆங்கிலத்தில் ‘குவாரண்டைன்’ என்றும் வழங்கும் சொல், வெனிசு நகரத்தார் கப்பல்களை நிறுத்திவைத்த நாற்பது நாளைக் குறிப்பது. அதற்கும் முன்னதாக 1377இல் அதிரியக் கடற்கரையின் ரகூசா நகரம் முப்பது நாள் காவலை விதித்திருந்தது. நோயின் காரணம் அறியாத காலத்தில், காத்திருத்தல் ஒன்றே மருந்தாயிருந்தது.

புதுச்சேரியும் காரைக்காலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூலித் தமிழரை ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு அனுப்பிய துறைகள். 1853இல் மர்த்தினிக்கிலும் 1854இல் குவாதலூப்பிலும் இந்தியத் தொழிலாளரை முதன்முதல் இறக்கிய கப்பலின் பெயர் ‘ஒரேலி’. அத்தகைய கப்பல்களில் சென்றவர்க்கு நோய் ஓர் அச்சம் என்றால், நோயைத் தடுக்க விதித்த காவல் மற்றோர் அச்சம். மொரீசியசில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரு கப்பல்களில் வாந்திபேதி கண்டது என்று, அவற்றிலிருந்த கூலிகளைக் கேப்ரியல் என்னும் சிறு தீவில் இறக்கிவிட்டனர். போதிய கூரையில்லை, உணவும் நீரும் மருத்துவமும் போதவில்லை. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன்பின் இந்திய அரசு மொரீசியசுக்கு ஆள் அனுப்புவதையே சிலகாலம் நிறுத்தியது. பிரெஞ்சு எழுத்தாளர் லெ கிளேசியோ 1995இல் வெளியிட்ட ‘லா கராந்தேன்’ நாவலின் களம் மொரீசியசைச் சார்ந்த இத்தகைய காவல்தீவுதான் என்பதை இலக்கிய நண்பர்கள் அறிவர்.

கப்பலை நிறுத்தியது பிழையன்று. நிறுத்திவைத்தவர்க்குச் சோறும் நீரும் நிழலும் தரும் கடமையை மறந்ததே பிழை.

காவலே தேவையில்லை என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவதும் பொருந்தாது. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசிபிக் கடலில் அருகருகே இருந்த இரு சமோவாக்களின் கதையோ வியப்புக்குரியது. மேற்குச் சமோவாவில் ‘தலூன்’ என்ற கப்பலைத் தடையின்றி இறங்கவிட்டனர். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் அழிந்தனர். அமெரிக்கச் சமோவா துறையை அடைத்தது. அங்கு அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் நுழையும் முன்னர் அடைத்த கதவு உயிர் காக்கும். நுழைந்தபின் அடைத்தால் காலத்தைச் சிறிது வாங்கலாமே அன்றி நோயை விலக்க இயலாது.

பிளேக்கும் சான்றிதழும்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் கண்டது. வணிகம் கெடும், துறைமுகங்கள் புறக்கணிக்கப்படும் என்ற அச்சத்தால் அதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் இருந்தது. அவ்வச்சமும் பொய்க்கவில்லை. 1897இல் வெனிசில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டின் முதன்மைப் பொருளே இந்தியப் பிளேக்தான். அவ்வாண்டில் பம்பாயிலிருந்து ஹஜ் யாத்திரை தடைபட்டது. அதே பிப்ரவரியில் பிறந்த கொள்ளைநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு ஏறக்குறைய வரம்பற்ற அதிகாரம் தந்தது. புனாவில் வீடு புகுந்து சோதித்த கொடுமை, 1897 ஜூனில் ராண்டு சுடப்பட்டதில் சென்று முடிந்தது. 2020இல் நம் அரசுகள் தூசி தட்டி எடுத்ததும் இதே சட்டத்தைத்தான்.

சென்னை மாகாணத்தில் பிளேக் கண்ட பகுதியிலிருந்து வருவோருக்குப் ‘பிளேக் பாஸ்போர்ட்டு’ தரப்பட்டது. அதைப் பெற்றவர் சென்ற ஊரில் நாள்தோறும் அதிகாரியிடம் சென்று தம்மைக் காட்டவேண்டும். இதற்கிடையே ஹாஃப்கின் 1897 ஜனவரி 10 அன்று தாம் உருவாக்கிய ஊசிமருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். ஊசி போட்டதற்கான சான்று உடையோரைச் சில கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கும் வழக்கமும் அக்காலத்தே தோன்றியது. கைப்பேசியில் நாம் காட்டிய சான்றின் பாட்டனார் அது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் ஊரில் ஊசி போட்டவர்களில் 19 பேர் இழுப்புநோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. மருந்தில் குறையில்லை, ஊரில் புட்டியைத் திறந்தபோது கலந்த மாசே காரணம் என்று பின்னர் தெளிந்து அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அதற்கு ஐந்தாண்டுகள் ஆயின. மக்களின் நம்பிக்கையோ ஒரே நாளில் போயிருந்தது.

மண்டபம்

தமிழகத்தில் இவ்வரலாறு மிக அழுத்தமாகப் பதிந்த இடம் மண்டபம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தமிழர் பிளேக்கையும் வாந்திபேதியையும் கொண்டுவருவர் என்று இலங்கை அரசும் தோட்ட முதலாளிகளும் அஞ்சினர். முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் முகாம் எழுந்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தபின் அப்பணி மண்டபத்துக்கு மாறியது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய காவல் முகாம் அது. கங்காணியோடு வந்த குடும்பங்கள் அங்குச் சில நாள்கள் தங்கவேண்டும். அவர்தம் துணிகள் ஆவியில் வேகும், அம்மை குத்தப்படும், கொக்கிப்புழுவுக்கு மருந்து தரப்படும். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று காட்டும் தகர வில்லையும் அவர்களுக்கு உண்டு.

நோய்த்தடுப்பு என்ற அளவில் அம்முகாம் பயன் தந்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் உயர்வகுப்புச் சீட்டில் செல்பவர்க்கு இத்தகைய நெருக்கடி இல்லை. கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுவதில்லை என்பது அன்றும் மருத்துவர்க்குத் தெரியும். ஆகவே அம்முகாம் நோயை மட்டும் அளக்கவில்லை, ஆளையும் அளந்தது. அதே மண்டபம் பின்னர் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் திரும்பிய மலையகத் தமிழரையும், 1983க்குப்பின் ஈழ ஏதிலியரையும் ஏற்கும் முகாமானது. நோய்க்காகக் கட்டிய வாசல், நோய் போன பின்னும் வாசலாகவே நின்றது.

பெரியம்மை கற்பித்தது

பெரியம்மை ஊசிச் சான்று பல பத்தாண்டுகள் வெளிநாட்டுப் பயணத்துக்கு இன்றியமையாததாக இருந்தது. ஆயினும் அந்நோயை உலகினின்று ஒழித்தது எல்லைச் சோதனையன்று. சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் ஏ. ஆர். ராவ் 1960களில் நடத்திய ஆய்வுகள், பெரியம்மை பெரும்பாலும் வீட்டுக்குள் நெருங்கிப் பழகுவோரிடையே மெதுவாகப் பரவுவதைக் காட்டின. நோயாளியை உடனே கண்டறிந்து, அவரைச் சூழ்ந்தோர்க்கு ஊசி போட்டு நோயை வளைத்துவிடலாம் என்ற முறைக்கு இத்தகைய ஆய்வுகள் துணைநின்றன. இந்தியாவில் அந்நோய் 1975இல் முடிவுற்றது. 1980 மே திங்களில் உலகினின்றே ஒழிந்ததாக அறிவித்தனர். நோயின் இயல்பை அறிந்தோம்; வழியும் அதற்கேற்ப அமைந்தது. சான்று தேவையற்றதானபோது அதைக் கைவிடவும் அறிந்திருந்தோம்.

மீண்டும் நம் காலம்

2020 மார்ச்சு 23 முதல் 2022 மார்ச்சு 27 வரை இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து நின்றிருந்தது. பிரான்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் நிறைந்த ஊர் நம்முடையது. ‘சொல்தா வீடு’ என்று நாம் அழைக்கும் வீடுகளில் தாய் இங்கும் பிள்ளைகள் பாரிசுப் புறநகரிலும் வாழ்வது வழக்கம். ஊசி வந்தபின் அவர்கள் கேட்ட கேள்வி, “போட்டாயிற்றா?” என்பதோடு நிற்கவில்லை, “எது போட்டது?” என்று நீண்டது. ஐரோப்பியச் சான்று 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது கோவிஷீல்டு அதில் இயல்பாக இடம்பெறவில்லை. நாடுகள் தனித்தனியே ஏற்கவேண்டியிருந்தது. பிரான்சு அத்திங்களிலேயே ஏற்றது. கோவாக்சினுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் நவம்பர் 3 அன்றுதான் கிட்டியது. ஆக்ஸ்போர்டில் பிறந்து புனாவில் தயாரான மருந்தை ஏற்ற இந்தியரைப் பிரித்தானியா ஊசி போடாதவராகவே நடத்தியது. இந்தியாவும் அக்டோபர் 4 முதல் பிரித்தானியர்க்குப் பத்து நாள் தனிமையை விதித்தது. ஒரு வாரத்தில் பிரித்தானியா இறங்கிவந்தது. அந்த ஒரு வாரத்தில் கிருமி மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மாறியது அரசுகளின் மனம்தான்.

அவ்வாண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிஞர்கள் ஒமிக்ரான் திரிபை உடனே உலகுக்கு அறிவித்தனர். பரிசாகக் கிடைத்தது விமானத் தடை. உண்மையைச் சொன்னவர்க்குத் தண்டனை என்றால், அடுத்த முறை 1896ஆம் ஆண்டுப் பம்பாயைப் போல் மறைக்கத்தானே தோன்றும்? அத்திரிபு ஊசி போட்டவர்களிடையேயும் பரவியது. ஊசி கடுமையான நோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது என்பது உறுதி. அதனால் அதைப் போட்டுக்கொள்வதே அறிவுடைமை. ஆனால் பிறர்க்குப் பரப்பமாட்டார் என்பதற்குச் சான்றிதழ் உறுதி தரவில்லை. கதவில் நின்று சான்று கேட்பதன் நியாயம் அந்த அளவுக்குக் குறைந்துபோயிற்று.

இவ்விரு நூற்றாண்டு வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு கட்டுப்பாடே கூடாது என்பதும் அன்று, எல்லாம் கட்டாயம் என்பதும் அன்று. ஒரு தடையை விதிக்குமுன் மூன்று செய்திகளைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. நோய் பரவும் முறைக்கு இத்தடை பொருந்துகிறதா? இதன் சுமையை யார் தாங்குகிறார், அவருக்குச் சோறும் கூலியும் யார் தருவார்? இது என்று முடியும்? மூன்றாம் வினாவுக்கு ஆணையிலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். கேப்ரியல் தீவில் இரண்டாம் வினாவை எவரும் கேட்கவில்லை. மண்டபத்தில் மூன்றாவதைக் கேட்கவில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில், ஆணை எழுதுவோர் கேட்காவிடினும், அதை வாசிக்கும் நாமேனும் கேட்போமாக.