பெரட்டுத் தப்பும் ரெண்டு காதும்

பதுளைப் பக்கத் தோட்டங்களில் அந்தக் காலத்து லயத்து ஆட்களை எழுப்பியது கடிகாரம் இல்லை. விடியுமுன் அடிச்ச பெரட்டுத் தப்பு. இருட்டிலும் மூடுபனியிலும் அது எந்தப் பக்கம் கேட்குதுன்னு எப்படித் தெரிஞ்சது?

வலப்பக்கம் அடிச்சா, சத்தம் வலது காதுக்கு முதலில் வரும். இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தும். அந்தத் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் தலை மறைப்பதால் சத்தமும் குறையும். இந்த ரெண்டு வித்தியாசத்தையும் ஒப்பிட்டு மூளை திசையைக் கண்டுபிடிக்குது. 1907இல் ரேலி பிரபு இதை விளக்கினார்.

என்ன சத்தம் என்பது வேறு கணக்கு. கேட்ட தாளத்தை மூளை பழைய நினைவோடு பொருத்திப் பார்க்கும். பெரட்டுக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு இன்னொன்று. படுத்த இடத்திலேயே சனங்கள் பிரிச்சு அறிஞ்சாங்க.

அடியை இவ்வளவு நுணுக்கமாகக் கேட்ட நாம், அடிச்சவரைச் சாதி சொல்லித் தள்ளி வச்சோம். துரைமார், பெரிய கங்காணிமார் பெயர்கள் வரலாற்றில் இருக்கு. தப்படிச்சவர் பெயரைத் தேடணும். உங்க தோட்டத்துப் பெரியவங்களிடம் அந்தப் பெயரையும் அடிகளையும் கேளுங்க. கையில் இருக்கிற போனிலேயே பதிஞ்சு வைங்க.