ரோமிலிருந்து கிராம சபை வரை: ஒரு செயல்திட்டத்தின் பயணம்

பள்ளிக்கூடங்களில் 'ப்ராஜெக்ட்' என்றும் 'செயல்திட்டம்' என்றும் நாம் சொல்வது பள்ளிக்கூடத்தில் பிறந்ததில்லை. அதன் பிறந்த ஊர் ரோம். கட்டடக் கலைஞர்களைக் கொத்தர்களோடு சேர்த்தே எண்ணிய காலம் அது. ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கிடைத்த மதிப்பு தங்களுக்கும் வேண்டும் என்று விரும்பியவர்கள், சான் லூகா கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் போட்டி வைத்தார்கள். முதல் போட்டி 1596இல் நடந்தது. தேவாலயம், நினைவுச்சின்னம், மாளிகை என்று ஏதாவது ஒன்றைத் திட்டமிட்டு வரைய வேண்டும். அந்தக் கட்டடத்தை யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் கெடு உண்டு, தீர்ப்புச் சொல்ல நடுவர்களும் உண்டு.

பாரிஸில் 1671இல் அரசுக் கட்டடக்கலைக் கழகம் தொடங்கியது. 1763 முதல் அங்கே மாதந்தோறும் போட்டி. ரோமில் எப்போதாவது வந்த திருவிழா, பாரிஸில் அன்றாடப் படிப்பின் பகுதியாகிவிட்டது. அங்கிருந்து ஐரோப்பாவின் பொறியியல் கல்லூரிகளுக்கும், கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் போனது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில்தான் அது உயர்நிலைப் பள்ளி மாணவனின் கைக்கு வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் கால்வின் வுட்வர்ட், இயக்கவியலை விளக்க மரத்தில் மாதிரிகள் செய்துவரும்படி மாணவர்களிடம் சொன்னார். சூத்திரங்களைத் தெரிந்து வைத்திருந்த அந்தப் பிள்ளைகளுக்கு ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளி தன் பயிற்சி முறையைக் காட்சிக்கு வைத்திருந்தது. ஒவ்வொரு கருவிக்கும் எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் பயிற்சிகள் வரிசையாக இருந்தன. வுட்வர்ட் அந்த முறையை எடுத்துக்கொண்டார். 1880இல் அவருடைய கைத்தொழில் பயிற்சிப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியது. படிப்பு மூன்றாண்டு.

இந்தப் பள்ளியின் வரிசைமுறையை ஆசிரியர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலில் உளி, இழைப்புளி, கடைசல் எந்திரம், உலைக்களம் என்று ஒவ்வொன்றிலும் அடிப்படைப் பயிற்சி. ஒரு பகுதி முடிந்ததும், கற்றதை வைத்து ஒரு பொருளை மாணவனே திட்டமிட்டுச் செய்வான். மூன்றாம் ஆண்டின் இறுதியில் பெரிய செயல்திட்டம்: இயங்கும் எந்திரம் ஒன்று, கூடவே அதன் முழு வரைபடங்கள். அதாவது, கற்பித்தல் முடிந்த பிறகு செயல்திட்டம் வந்தது. கற்பிக்காமல் விட்டதை ஈடுகட்ட வரவில்லை. என் பார்வையில், இதன் நீண்ட வாழ்க்கையில் மிக ஆரோக்கியமான பருவங்களில் ஒன்று இது.

இன்னொன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வயல்களில் வந்தது. 1908இல் நார்தாம்ப்டனில் இருந்த ஸ்மித் வேளாண் பள்ளியின் தலைவராக ரூஃபஸ் ஸ்டிம்சன் பொறுப்பேற்றார். பள்ளிக்கென்று தனியாகப் பண்ணை வைத்து மாணவர்களை அங்கே வேலை வாங்குவதில் அவருக்கு நம்பிக்கையில்லை. வீட்டிலேயே நிலம் இருக்கிறதே, அங்கேயே பயிர் வைக்கட்டும் என்றார். உருளைக்கிழங்கோ, கோழியோ, பன்றியோ மாணவன் தேர்ந்தெடுத்துக்கொள்வான். வகுப்பில் உரத்தைப் பற்றிப் படித்தது அந்தப் பருவத்திலேயே அவன் வயலுக்குப் போகும். ஆசிரியர் வீடு தேடி வந்து பயிரைப் பார்ப்பார். விதைக்கு எவ்வளவு, தீவனத்துக்கு எவ்வளவு, உழைத்த நேரம் எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று மாணவன் கணக்கு எழுத வேண்டும். நட்டமென்றால் அந்த நட்டத்தையும் எழுத வேண்டும். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நேர்மையான தேர்வு வேறென்ன வேண்டும்! 1917இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு கொண்டுவந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம், வேளாண் மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையோடு கூடிய பண்ணைப் பயிற்சி வேண்டும் என்று விதித்தது.

மறு ஆண்டே நியூயார்க்கில் செயல்திட்டம் உலகப் புகழ் பெற்றது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் வில்லியம் கில்பாட்ரிக் 1918 செப்டம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். குழந்தை மனமுவந்து, ஒரு நோக்கத்தோடு செய்யும் எந்தச் செயலும் செயல்திட்டமே என்றார். பட்டறையும் வயலும் இனிக் கட்டாயமில்லை. ஒரு சிறுமி தனக்கு உடை தைத்துக்கொள்வதும் அதில் அடங்கும், இசையை ரசிப்பதும் அடங்கும். நோக்கம் வகுத்தல், திட்டமிடல், நிறைவேற்றல், மதிப்பிடல் என்ற நான்கு படிகளையும் குழந்தையே ஏறுவது சிறப்பு என்றார். அவருடைய ஆசான் ஜான் டூயியே இதை ஏற்கவில்லை. வழிகாட்ட அனுபவமுள்ள ஆசிரியர் அங்கே எதற்காக இருக்கிறார் என்பது டூயியின் கேள்வி. நான் டூயி பக்கம்.

புகழோடு பொய்யும் சேர்ந்துகொண்டது. 1923இல் கில்பாட்ரிக்கின் மாணவர் எல்ஸ்வொர்த் காலிங்ஸ், மிசௌரி மாநிலக் கிராமப்புறப் பள்ளியில் முழுக்கச் செயல்திட்டங்களாலேயே பாடம் நடத்தி வெற்றி கண்டதாகப் புத்தகம் எழுதினார். பக்கத்து வீட்டில் டைஃபாய்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பிள்ளைகள் துப்புத் துலக்கிய கதை அதில் பேர்பெற்றது. ஆசிரியப் பயிற்சிப் பாடநூல்கள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தன. 1996இல் ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் நோல் பழைய ஆவணங்களைத் தோண்டி, அந்தச் சோதனை சொல்லப்பட்டபடி நடக்கவேயில்லை என்று காட்டினார். சோவியத் ஒன்றியமும் 1920களில் இந்த முறையைக் கொண்டாடியது. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சரியாக வரவில்லை என்ற நிலையில், 1931இல் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு தீர்மானம் போட்டு அதை வெளியேற்றியது.

இந்தியாவுக்கு அது பஞ்சாபின் மோகா ஊர் வழியாக வந்தது. அங்கே அமெரிக்க மிஷன் நடத்திய கிராம ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1920களில் இதைக் கையாண்டது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாடும், அதையொட்டி ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பேன். ஆனால் நூற்பு ஆகட்டும், உழவு ஆகட்டும், செய்த பொருள் புழக்கத்துக்குப் போக வேண்டும் என்பதில் காந்தி பிடிவாதமாக இருந்தார். ஸ்டிம்சனின் மாணவன் விற்ற உருளைக்கிழங்கு போல, அதற்கு ஒரு கொள்முதல்காரர் உண்டு.

தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் 2012–13இல் எட்டாம் வகுப்பு வரையும், அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்தன. அப்போது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், அதில் 20 செயல்பாடுகளுக்கு. நோக்கம் நல்லது. நடந்ததைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் பார்க்கலாம். சூரியக் குடும்பம், எரிமலை, மழைநீர் சேகரிப்பு என்று தெர்மாகோலில் தயாராக அடுக்கி வைத்திருப்பார்கள். 'எட்டாங் கிளாஸ் சயின்ஸ் ப்ராஜெக்ட்' என்று கேட்டால் போதும். சார்ட்டில் ஒட்ட வண்ணப்படம், மேலே மினுமினுப்புத் தாள். இரவு பதினோரு மணிக்கு அம்மா ஒட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை தூங்கியிருக்கும். ஆசிரியரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாற்பது பேருக்கு மேல் உள்ள வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய பதிவேடு. அப்படிப்பட்ட இடத்தில் சார்ட்டை எண்ணிப் பார்க்கத்தான் நேரம் இருக்கும்.

இதே மண்ணில் வேறொரு கிளையும் வளர்ந்திருக்கிறது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை ஆய்வு செய்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது. ஆய்வறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். தேதிவாரியாக நாட்குறிப்பு இருக்க வேண்டும். நடுவர் அந்த நாட்குறிப்பைப் புரட்டிக் கேள்வி கேட்பார். கடையில் வாங்கியது அங்கே நிற்காது.

நம்பிக்கை தரும் ஆய்வும் உண்டு, எச்சரிக்கும் ஆய்வும் உண்டு. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உயர்நிலைப் பள்ளியின் கல்லூரித் தரப் பாடங்களான அரசியலையும் சுற்றுச்சூழல் அறிவியலையும் செயல்திட்டம் வழியாகப் படித்தவர்களின் தேர்ச்சி, மற்றவர்களைவிடச் சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக இருந்தது. அவர்களுடைய ஆசிரியர்களுக்கு ஆண்டு முழுக்கப் பயிற்சியும் துணையும் கிடைத்தன. இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வு, பதினோரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் தெளிவான பலன் எதையும் காணவில்லை. ஏழைப் பிள்ளைகளின் மொழித்திறன் பின்தங்கியிருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது. பல பள்ளிகள் நடுவிலேயே விலகிக்கொண்டன. ஆக, இந்த முறை தானாக வேலை செய்யாது. முதலில் கற்பிக்க வேண்டும், நடுவில் கூடவே இருக்க வேண்டும், முடிவில் பொருளைப் பெற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும்.

நம் ஊரில் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நீரின் கடினத்தன்மையை முதலில் ஒழுங்காகப் பாடம் நடத்துங்கள். பிறகு அடிபம்பு, கிணறு, மேல்நிலைத் தொட்டிக் குழாய் மூன்றிலும் தண்ணீர் எடுத்து, ஒரே அளவு பாட்டில்களில் ஊற்றச் சொல்லுங்கள். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை நிற்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணட்டும். கால்சியம், மெக்னீசியம் உப்பு மிகுந்த நீரில் நுரை லேசில் நிற்காது. டிடிஎஸ் மீட்டர் ஒன்று இருந்தால் கரைந்துள்ள உப்பின் அளவையும் பார்த்துவிடலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். முதல் அளவீடு தப்பாகத்தான் வரும். அதை அடித்து எழுதிய தாளும் அறிக்கையோடு இருக்கட்டும், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

பெற்றுக்கொள்ள ஆளும் இருக்கிறது. தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில், கிராம சபை கூடுகிறது. தலைமை ஆசிரியர்களே, ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, அந்தக் கூட்டத்தில் உங்கள் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் வாங்கிக் கொடுங்கள்.