சட்டாம்பிள்ளையும் மனவரைபடமும்

காவிரியின் வடகரையில், தொட்டியத்து வாழைத்தோட்டங்களிடையே வளரும் குழந்தை ஒரு காட்சியை நன்கறியும். உச்சிவெயிலில் வாழையிலையின் இரு பாதிகளும் நடுநரம்பின் இருபுறமும் மடிந்து தொங்கும். அதே குழந்தை, பாடநூலில் 'நீராவிப்போக்கு' என்ற சொல்லைக் கண்டால் திகைத்து நிற்கிறது. பிழையின்றி வாசிக்கிறது, பொருள்தான் பிடிபடுவதில்லை. கண்ட காட்சியையும் படித்த சொல்லையும் இணைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தமிழகம் கண்ட விடைகளைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சிறுவர் கூடிப் படிப்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப்பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. ஆகவே தேர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாகி இளையோர்க்குப் பாடம் சொல்லித்தந்தான். 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் ஏற்றார். இந்நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றுக் கடல் கடந்து பரவியது.

ஆயின், சட்டாம்பிள்ளை கற்பித்தவை பெரிதும் எழுத்தும் எண்ணும் மனப்பாடமுமே. செய்யுளுக்கும் வாய்பாட்டுக்கும் அது போதும்; 'ஏன்' என்று கேட்டு வளரும் அறிவியலுக்குப் போதாது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் அது வெளியிட்ட 'துளிர்' இதழும் சிறுவரிடையே அந்தக் கேள்வியை வளர்த்தன.

வகுப்பறைக்குள் அம்மாற்றம் பின்னரே பரவலாக நுழைந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. அக்காலத்திலேயே நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மாணவர் முதலில் பாடத்தைத் தாமே படிப்பர். புதிய சொற்களை அடிக்கோடிட்டுப் பொருள் தேடுவர். கருத்துகளைக் கிளைகளாக விரித்து மனவரைபடம் வரைவர். பின்னர்க் குழுவில் அமர்ந்து தத்தம் வரைபடங்களை ஒப்பிட்டுத் தொகுப்பர். ஒருவன் விட்டதை மற்றவள் சுட்டுவாள். மனப்பாடத்திற்கு இங்கே இடம் குறைவு. தன் வரைபடம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும்.

இம்முறைக்கும் இடர் உண்டு. வல்ல பிள்ளை ஒருவனே படித்து வரைந்து பேசிவிட, ஏனையோர் படியெடுப்பராயின், பழைய சட்டாம்பிள்ளையே புதிய பெயரில் வந்தமர்கிறான். தனித்துப் படித்த பின்னரே கூடிப் பேசுதல் என்னும் அவ்வொழுங்கைக் காப்பதில்தான் ஆசிரியரின் திறம் இருக்கிறது. கல்லூரிக்கு வந்த பின்னும் வரிகளை ஒப்பிக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காணும் நமக்கு, இதன் அருமை நன்கு விளங்குகிறது.

குழுவின் கடைசி வரிசைப் பிள்ளையும் ஒருநாள் தலைநிமிர்ந்து, "அதனால்தான் எங்கள் தோட்டத்து வாழையிலை மடிகிறது, நீரைச் சேமிக்கிறது" என்று சொல்லுமாயின், அன்றுதான் அது அறிவியல் பாடத்தைப் படித்தது என்போம்.