மருத்துவமனை பாக்கி என்று மிரட்டினால்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

அம்மா இறந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். திடீரென வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வரும்: "உங்கள் தாயாரின் மருத்துவமனை பாக்கி 3,800 ரிங்கிட். மூன்று நாளில் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும்." அக்கம்பக்கத்தில் மானம் போய்விடுமே என்ற பயத்தில், "முதலில் 100 வெள்ளி கட்டிவிடலாம், தொல்லை ஓயட்டும்" என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். அந்த 100 வெள்ளிதான் பிறகு பெரிய சிக்கலாக மாறக்கூடும்.

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். விவரமான ரசீது, நீங்கள் கையெழுத்திட்டதாகச் சொல்லும் பத்திரம், வசூல் நிறுவனத்திற்கு மருத்துவமனை கொடுத்த அதிகாரக் கடிதம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிறகு மருத்துவமனையின் கணக்குப் பிரிவை நீங்களே நேரடியாகத் தொடர்புகொண்டு, பாக்கி உண்மையா என்று உறுதிசெய்யுங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், விவரமான ரசீது கேட்கும் உரிமையை நோயாளிக்கு வழங்குகின்றன.

கடன் யாருடையது?

பெற்றோரின் கடன் பிள்ளைகள் தலையில் தானாக விழாது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அது தீர்க்கப்பட வேண்டும். ஆனால், அனுமதியின்போது "உத்தரவாதம் அளிப்பவர்" என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. ஆகவே பத்திரத்தைப் பார்க்காமல் பதில் சொல்லாதீர்கள்.

மருத்துவ அட்டை இருந்தும் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்ததால் பாக்கி வந்திருந்தால், மறுப்புக்கான காரணத்தை அந்நிறுவனத்திடம் எழுத்தில் பெறுங்கள். அதன் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், ஆறு மாதத்திற்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்-இடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் முதலில் சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆறு ஆண்டுக் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, இத்தகைய கடனுக்கு ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். முன்னர் சொன்ன 100 வெள்ளியின் ஆபத்து இதுதான். காலம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றத்தில் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நீதிபதி தாமாகச் சொல்லமாட்டார்.

மிரட்டினால்

வசூல்காரருக்கு உங்கள் வீட்டுப் பொருளைத் தூக்கவோ, அடையாள அட்டையைப் பிடித்து வைக்கவோ அதிகாரமில்லை. நீதிமன்ற உத்தரவின்பேரில் நீதிமன்ற அதிகாரிதான் பொருளைப் பறிமுதல் செய்ய முடியும். மிரட்டல் குற்றவியல் சட்டத்தின் 506ஆவது பிரிவின் கீழ் குற்றமாகும். செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து, போலீஸ் புகார் செய்யுங்கள்.

எங்கே புகார் செய்வது?

முதலில் மருத்துவமனையின் புகார் பிரிவில் எழுத்துமூலம் கொடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தனியார் மருத்துவமனை என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கண்காணிப்புப் பிரிவை நாடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைகளை உள்ளடக்கவில்லை. சட்ட ஆலோசனைக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் அணுகலாம்.

நீதிமன்றக் கடிதம் வந்தால்

வசூல் நிறுவனத்தின் கடிதமும் நீதிமன்ற சம்மனும் ஒன்றல்ல. சம்மன் கையில் கிடைத்தால் 14 நாட்களுக்குள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். வராத கடன் அப்படித்தான் உண்மையான கடனாகிவிடுகிறது.

பாக்கி உண்மை என்று தெரிந்தால் தவணை கேளுங்கள்; ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, மருத்துவமனையின் கணக்கிலேயே கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அரசாங்க மருத்துவமனை என்றால் அங்குள்ள மருத்துவ சமூகப் பணிப் பிரிவிடம் உதவி கேட்கலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதில் வெட்கமில்லை. கொடுக்க வேண்டாததைப் பயத்தில் கொடுத்துவிடக் கூடாது.