டயஸ்போரா: விதைத்தது யார்?

எங்க ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வருவதற்கு முந்தைய கதையைக் கேட்டால், பெரியவங்க பேச்சு எப்படியும் கண்டிக்குப் போய்விடும். கண்டி என்றால் அந்த ஒரு ஊர் இல்லை. இலங்கையின் மலைத்தோட்டம் மொத்தமும் அவுகளுக்குக் கண்டிதான். "எங்க அண்ணன் கண்டிக்குப் போயிட்டாரு" என்று அப்பத்தா சொல்லும், ஏதோ சந்தைக்குப் போன மாதிரி.

இப்படிப் போனவர்களை இப்போது ஆங்கிலத்தில் டயஸ்போரா என்கிறார்கள். கிரேக்கச் சொல். 'ஸ்பெய்ரெய்ன்' என்றால் விதைப்பது. 'டியா' அதை எங்கும் இறைக்கிறது. பூஞ்சையின் 'ஸ்போர்' கூட இதே வேர்தான். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், யூதர்கள் நாடுநாடாகச் சிதறடிக்கப்படுவதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். மற்ற இனத்தாருக்கும் இது தாராளமாகப் புழங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

நாம் 'புலம்பெயர்ந்தோர்' என்கிறோம். பட்டினப்பாலையிலேயே 'புலம்பெயர்' உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்கே அது வெளியே போன நம்மாட்களைச் சொல்லவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து கலந்து வாழ்ந்த அயலாரைச் சொல்கிறது.

விதைப்பது என்றால் விதைக்கிற கை ஒன்று வேண்டுமே. கண்டிக்குப் போனவர்கள் விஷயத்தில் அந்தக் கை கங்காணியுடையது. 1830களுக்குப் பிறகு கோப்பித் தோட்டம், 1867 முதல் தேயிலை. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவும் அரிசியும் கடனில் ஏறும். 'துண்டு' என்று ஒரு சீட்டு: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். காற்றில் பறந்த விதை என்று இவர்களைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களைக் கேட்டா செய்தார்கள்? விதைத்ததைத் திரும்பப் பொறுக்குவதற்கு டயஸ்போராவில் இடமே இல்லை.

அப்பத்தாவின் அண்ணன் மகன் குடும்பத்தோடு மண்டபம் முகாம் வழியாக ஊருக்கு வந்தார். அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ஊர் வைத்த பெயர் 'சிலோன்காரவுக'. "நான் எங்கேயிருந்து திரும்புனேன்? பொறந்ததே ஹட்டன்லதானே" என்று மாமா கேட்பாராம்.

இங்கே கரிசல் காடு. கொழுந்து பறித்த கைக்கு என்ன வேலை? நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு மறுபடி மூட்டையைக் கட்டினார்கள்.

"கோத்தகிரிக்குப் போயிட்டாக" என்றது அப்பத்தா.