வீட்டுப் பராமரிப்பாளர் பொறுப்புக் காப்பீடு (பிரிட்டன்)

முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் பணியில் நேரும் தீங்குகளுக்கான காப்பீடு. பராமரிப்பாளரை நேரடியாக வேலைக்கு அமர்த்துபவர், படுத்த படுக்கையாக இருந்தாலும், சட்டப்படி முதலாளிதான். தகுந்த தூக்குக் கருவி இல்லாமல் அவரைத் தூக்கியதால் பராமரிப்பாளரின் முதுகு பாதிக்கப்பட்டால் இழப்பீடு அந்த முதலாளியின் தலையில் விழக்கூடும். ஆகவே 1969ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. தவறினால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை அபராதம். நெருங்கிய உறவினரை மட்டும் அமர்த்தினால் விலக்கு உண்டு.

பராமரிப்பாளரின் பிழையால் பிறருக்கு நேரும் தீங்கு முதலாளி பொறுப்புக் காப்பீட்டில் சேராது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். அது கட்டாயமல்ல என்றாலும், சுயதொழிலாகப் பராமரிப்பவர் அதைத் தவிர்ப்பது ஆபத்தானது. மருந்து கொடுத்தல், குழாய்வழி உணவூட்டல் ஆகியவை பாலிசியில் அடங்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.