முகம் விழாமல்

போன வருஷம் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தினம் காலையில் தையலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்" என்று டாக்டரம்மாள் சொல்லிவிட்டார். ஆக, இந்த வயதில் எனக்குப் போட்டோகிராபர் உத்தியோகம் கிடைத்தது. ஜன்னலோரம் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு, வெளிச்சம் பார்த்து, செல்போனும் கையுமாக நான் குனிந்து நிற்பேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "முகம் விழாமல் எடுங்கள்" என்பாள்.

அந்த வார்த்தையைக் கேட்டபோதெல்லாம் ரீட் பான்டெகூ என்ற அமெரிக்க டாக்டரின் ஞாபகம் வரும். அவர் எடுத்த படங்களில் முகம் நன்றாகவே விழுந்திருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது வாஷிங்டனில் ஹேர்வுட் என்ற ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் தலைவர். 1865-ல் அங்கே கிடந்த சிப்பாய்களை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையை விலக்கி, காயம் தெரியும்படி படம் பிடித்தார். பலர் கையில் ஒரு சின்னப் பலகை. அதில் பெயரும் படைப்பிரிவும் எழுதியிருக்கும். சிலர் மீசை அரும்பாத பையன்கள். சில படங்களில் டாக்டர் சிவப்புக் கோடு இழுத்து, குண்டு போன வழியைக் காட்டியிருக்கிறார். சிவப்பைக் கையால்தான் இட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீலத்தைப் பிடிக்கும், சிவப்புக்கோ குருடு. சிவந்த தோல் அதில் கறுப்பாக விழும்.

படங்கள் ராணுவ மருத்துவக் காட்சிசாலைக்குப் போயின. 1862-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. கெட்டிஸ்பர்க் போரில் பீரங்கிக் குண்டுக்குக் காலைப் பறிகொடுத்த ஜெனரல் சிக்கிள்ஸ், அந்தக் கால் எலும்பை அங்கேதான் அனுப்பிவைத்தார். பிறகு வருஷா வருஷம் அந்த நாளில் போய்ப் பார்த்துவிட்டும் வருவாராம்! ஜெனரலுக்கு அது சாத்தியம். சாதாரணச் சிப்பாய்க்கு வேறு கவலை. யுத்தம் முடிந்ததும் பென்ஷன் கேட்டு மனுப் போட்டவனுக்கு, காயம் நிஜந்தான் என்பதற்கு இந்தப் படங்கள் சாட்சியாயின. அவனைக் கண்ணால் காணாத ஒருவர், தூரத்தில் மேஜைமுன் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

நானும் அப்படி ஒரு தீர்ப்புக்காகத்தானே தினமும் காத்திருந்தேன்?

ஏளனமாகச் சொல்லவில்லை. எடின்பரோவில் அவசர வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 492 பேரை வைத்துப் பார்த்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். செல்போனில் படம் அனுப்பியவர்களுக்குப் புண்ணில் சீழ் வைப்பது முதல் ஏழு நாட்களுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. அங்கே படத்தோடு சில கேள்விகளுக்கும் பதில் வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ரோமாபுரி செல்ஸஸ் சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே அழற்சிக்கு நாலு அடையாளம் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. காமிராவுக்கு எட்டுவது முதல் இரண்டுதான்.

மனைவி என்னைப்போல் நல்ல கறுப்பு. ஆறாம் நாள் படத்தில் சிவப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. 'நன்றாக இருக்கிறது' என்று ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. எனக்கு நிம்மதி. சாயங்காலம் அவள் பேசாமல் என் கையைப் பிடித்துத் தையலருகே வைத்தாள். வெயிலில் கிடந்த கல்லைப்போல் சுட்டது.

அப்போதே டாக்ஸி வைத்துக்கொண்டு போனோம். டாக்டரம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தார், முகம் மாறிற்று. இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார்கள்.

எல்லாம் ஆறிய பிறகு ஒரு நாள், "அந்தப் படங்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள்.

"அன்றைக்கே அழித்துவிட்டேன்."

"அவர்களிடம் இருப்பதை?"

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.